இர்குட்ஸ்கில் ஒரு நாள்: விசாவிலிருந்து போஸி வரை

ரஷ்யாவின் சைபீரியாவில் இருக்கும் பைக்கால் ஏரி பார்க்கப் போகிறவர்களில் பாதிப்பேர் பக்கத்து ஊரான இர்குட்ஸ்கில் ஒரு இரவு தூங்கிவிட்டுக் காலையில் ஏரிக்கு வண்டி ஏறிவிடுகிறார்கள். இந்த ஊருக்கென்று ஒரு முழு நாள் ஒதுக்குங்கள் என்றுதான் சொல்வேன். மரத்தில் சரிகை வேலை செய்த மாதிரி ஜன்னல் வைத்த வீடுகள், அங்காரா ஆற்றங்கரை, பழைய தேவாலயங்கள், கை நிறைய சூடாகச் சாப்பிட போஸி என்ற இறைச்சிக் கொழுக்கட்டை, எல்லாம் நடந்து போகிற தூரத்துக்குள் இருக்கின்றன. ஆனால் அந்த ஒரு நாள் எங்கே வீணாகும் என்றால் வங்கி வாசலிலும், நெட் வராத போனை வைத்துக்கொண்டு தெருமுனையிலும்தான். எனக்கு அப்படித்தான் அரை நாள் போனது. இந்தியாவிலேயே முடித்துவிட வேண்டியவற்றை முதலில் சொல்லிவிட்டு, அப்புறம் ஊருக்குள் போகிறேன்.

1. விசா: இ-விசா போதும், ஆனால் ஒரு எழுத்துகூடப் பிசகக் கூடாது

இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு ரஷ்யா 2023 ஆகஸ்ட் முதல் இ-விசா கொடுக்கிறது. தூதரகத்துக்கு அலைய வேண்டாம், அழைப்புக் கடிதம் வேண்டாம், ஹோட்டல் பதிவுச் சீட்டும் கேட்பதில்லை. கட்டணம் சுமார் 52 டாலர். விண்ணப்பித்து 4 நாளில் வரும் என்பது கணக்கு. நீங்கள் இரண்டு வாரம் முன்பே போட்டுவிடுங்கள், ஏனென்றால் போட்டோ சரியில்லை என்று திருப்பி அனுப்பினால் மறுபடி போட நேரம் வேண்டும். 2025 ஆகஸ்டிலிருந்து விசா 120 நாள் செல்லும், அதற்குள் ஒரே ஒரு முறை நுழையலாம், 30 நாள் வரை தங்கலாம். பழைய கட்டுரைகளில் 16 நாள் என்று இருக்கும், அது முந்தைய விதி.

தேவையானவை: குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாகும் பாஸ்போர்ட், அதன் முதல் பக்கத்தின் ஸ்கேன், வெள்ளைப் பின்னணியில் போட்டோ, ரஷ்யாவில் செல்லும் பயண மருத்துவக் காப்பீடு.

நம் ஊர்க்காரர்களுக்கு இங்கே தனியாக ஒரு தலைவலி உண்டு. நம்மில் பலருக்குப் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கட்டம் காலியாக இருக்கும், அல்லது அப்பா பெயர் ஒரு இடத்தில் முன்னால், இன்னொரு இடத்தில் பின்னால் இருக்கும். உங்கள் விருப்பத்துக்குப் பிரித்துப் போடாதீர்கள். பாஸ்போர்ட்டின் அடியில் அம்புக்குறிகளோடு இரண்டு வரி இருக்கிறதே, அதில் பெயர் எப்படி இருக்கிறதோ அப்படியே போடுங்கள், விமான டிக்கெட்டிலும் அதே மாதிரி. விசா வந்ததும் முதல் வேலையாகப் பெயர், பாஸ்போர்ட் எண், பிறந்த தேதி மூன்றையும் எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். பிழை இருந்தால் அதைத் திருத்தித் தர மாட்டார்கள். புதிதாக விண்ணப்பித்து மறுபடி கட்டணம் கட்ட வேண்டியதுதான்.

இன்னொரு பொறி, இடைத்தரகர் தளங்கள். தேடினால் மேலே வருகிற பல தளங்கள் அரசுத் தளம் போலவே இருக்கும், கட்டணம் மட்டும் இரண்டு மடங்கு. ரஷ்ய வெளியுறவு அமைச்சகத்தின் தூதரகத் துறை நடத்தும் தளம் ஒன்றுதான் உண்மையானது. அந்தத் தளத்திலேயே இ-விசாவை ஏற்கும் விமான நிலையங்களின் பட்டியல் இருக்கும். டிக்கெட் போடுவதற்கு முன் நீங்கள் நுழையும் இடமும் வெளியேறும் இடமும் அதில் இருக்கின்றனவா என்று பார்த்துவிடுங்கள். விசாவைக் காகிதத்தில் அச்செடுத்து வையுங்கள், இரண்டு பிரதி.

2. போகும் வழி

இந்தியாவிலிருந்து இர்குட்ஸ்குக்கு நேரடி விமானம் இல்லை. வழக்கமான வழி டெல்லி, மாஸ்கோ, அங்கிருந்து உள்நாட்டு விமானத்தில் இன்னும் 6 மணி நேரம். மேப்பில் பார்த்தால் அபத்தமாகத் தெரியும், வடகிழக்கே இருக்கும் இர்குட்ஸ்குக்கு, மேற்கே மாஸ்கோ வரை போய்விட்டுத் திரும்பி வருகிறோம். சென்னையிலிருந்து கிளம்புகிறவர்கள் பாங்காக் வழியையும், சீனா வழியையும் ஒரு முறை விலை பார்க்கலாம். சீசனைப் பொறுத்து அங்கிருந்து நேரடி விமானங்கள் உண்டு, பயண நேரமும் குறையும். மாஸ்கோ வழி என்றால் குடிநுழைவுச் சோதனை மாஸ்கோவிலேயே முடிந்துவிடும், பையை எடுத்து மறுபடி போட வேண்டி வரும். இடையில் குறைந்தது 4 மணி நேரம் விடுங்கள். இந்தியர்களைத் தனியே நிறுத்திக் கேள்வி கேட்பது சகஜம், பயப்பட வேண்டாம். திரும்பும் டிக்கெட், தங்குமிடச் சீட்டு, கையில் இருக்கும் பணம், இந்த மூன்றையும் காட்டத் தயாராக இருங்கள்.

நேரக் கணக்கு: இர்குட்ஸ்க் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால், மாஸ்கோவைவிட 5 மணி நேரம் முன்னால். ரயிலில் வருகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ரயில் டிக்கெட்டில் மாஸ்கோ நேரம்தான் போட்டிருக்கும் என்று எழுதியதெல்லாம் பழைய கதை. 2018 ஆகஸ்டிலிருந்து அந்தந்த ஊர் நேரமே அச்சாகிறது. பழைய குறிப்பைப் படித்துவிட்டு 5 மணி நேரம் கூட்டிப் போட்டு ரயிலை விட்டுவிடாதீர்கள்.

3. பணம்: கார்டை மறந்துவிடுங்கள்

ரஷ்யாவுக்கு வெளியே வாங்கிய விசா, மாஸ்டர்கார்டு எதுவும் 2022 மார்ச் முதல் அங்கே வேலை செய்யாது. கடையிலும் இல்லை, ஏடிஎம்மிலும் இல்லை. முழுப் பயணத்துக்கும் ரொக்கம்தான். இந்திய ரூபாயைச் சைபீரியாவில் மாற்றலாம் என்று நம்பிப் போகாதீர்கள். டாலரோ யூரோவோ எடுத்துப் போங்கள், நோட்டுகள் புதியவையாக, மடிப்பு, கிறுக்கல், முத்திரை எதுவும் இல்லாமல் இருக்க வேண்டும். இங்கே வாங்கும்போதே ஒவ்வொரு நோட்டையும் பார்த்து வாங்குங்கள், அழுக்கு நோட்டை வங்கியில் மறுப்பார்கள் அல்லது தனியாகக் கழிப்பார்கள்.

அங்கே பணம் மாற்றுவது வங்கிக் கிளையில் மட்டும்தான், பாஸ்போர்ட் அசல் வேண்டும். தெருவில் மாற்றித் தருகிறேன் என்று வருகிறவரிடம் நிற்கவே வேண்டாம். ஞாயிறு அன்று பல கிளைகள் மூடியிருக்கும், திறந்திருக்கும் கிளையிலும் அந்நியச் செலாவணி கவுன்டர் இருக்கும் என்று சொல்ல முடியாது. சனி இரவு வந்து ஞாயிறு ஊர் சுற்றுவதாகத் திட்டம் என்றால் மாஸ்கோ விமான நிலையத்திலேயே ஒரு நாளுக்குத் தேவையானதை மாற்றிக்கொள்ளுங்கள். விலை மோசமாக இருக்கும், ஆனால் ஒரு நாள் மிச்சமாகும்.

எவ்வளவு வேண்டும்? ஒரு ரூபிள் ஏறத்தாழ ஒரு ரூபாய், கொஞ்சம் மேலே கீழே. ஊருக்குள் ஒரு நாளுக்கு, தங்குமிடம் நீங்கலாக, ஒருவருக்கு 4,000 ரூபிள் வைத்துக்கொண்டால் தாராளம். என் கணக்கில் மதியச் சாப்பாட்டுக்கு 500 முதல் 700, இரண்டு அருங்காட்சியகத்துக்கு 800 வரை, டாக்சி, டிராம் எல்லாம் சேர்த்து 700, மாலைச் சாப்பாட்டுக்கு 1,000 முதல் 1,500. மிச்சம் சந்தைக்கு. சில்லறையாக 50, 100 ரூபிள் நோட்டுகள் கையில் இருக்கட்டும், டிராம் நடத்துநரிடம் 5,000 ரூபிள் நோட்டை நீட்டினால் என்ன நடக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

4. போன்: நெட் இல்லாமல் ஒரு நாள் ஓட்டத் தயாராகுங்கள்

இதைத்தான் யாரும் எழுதுவதில்லை. வெளிநாட்டுச் சிம் ரஷ்யாவுக்குள் நுழைந்ததும் முதல் 24 மணி நேரம் டேட்டாவும் எஸ்எம்எஸ்ஸும் நிறுத்தப்படும், 2025 அக்டோபரில் வந்த விதி. உள்ளூர்ச் சிம் வாங்கலாமே என்றால், வெளிநாட்டவருக்கு அதற்கு இப்போது பயோமெட்ரிக் பதிவும் அரசு இணையக் கணக்கும் வேண்டும், ஒரு நாள் பயணிக்கு நடக்கிற காரியம் இல்லை. கஃபே வைஃபையில் நுழையலாம் என்றால் பல இடங்களில் எஸ்எம்எஸ் குறியீடு கேட்கும். எஸ்எம்எஸ் வராது. ஒன்றுக்குள் ஒன்று சிக்கிக்கொள்ளும். போதாததற்கு, பாதுகாப்புக் காரணம் சொல்லி ஊர் முழுக்க மொபைல் நெட்டையே நிறுத்தும் நாட்களும் உண்டு.

ஆகவே வீட்டிலிருந்து கிளம்பும் முன்:
- 2ஜிஐஎஸ் செயலியை இறக்கி, அதில் இர்குட்ஸ்க் ஊர் மேப்பை ஆஃப்லைனில் சேமியுங்கள். சைபீரியாவிலேயே, நோவோசிபிர்ஸ்க்கில் உருவான செயலி இது. எந்தப் பேருந்து எங்கே நிற்கும், கட்டடத்தின் வாசல் எந்தப் பக்கம் என்பதுவரை காட்டும், நெட் வேண்டாம்.
- மொழிபெயர்ப்புச் செயலியில் ரஷ்ய மொழியை ஆஃப்லைனுக்கு இறக்குங்கள், கேமரா மொழிபெயர்ப்பும் சேர்த்து. மெனு படிக்க அது இல்லாமல் முடியாது.
- யாண்டெக்ஸ் கோ டாக்சிச் செயலியில் இந்திய எண்ணை இங்கேயே பதிவு செய்யுங்கள், குறியீட்டு எஸ்எம்எஸ் இங்கே வந்துவிடும். பணம் செலுத்தும் முறையில் ரொக்கம் என்று வைத்துவிடுங்கள்.
- ஹோட்டல் முகவரியை ரஷ்ய எழுத்தில் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள்.

வீட்டில் இருப்பவர்களிடமும் சொல்லிவிடுங்கள், வாட்ஸ்அப் அழைப்பு அங்கே ஓடாது என்று. இரண்டு நாள் சத்தம் இல்லை என்றால் நம் அம்மாக்கள் தூதரகத்துக்கே போன் போடுவார்கள்.

5. தங்குமிடமும் அந்தச் சின்னச் சீட்டும்

நுழையும்போது குடிநுழைவு அதிகாரி பாதியாகக் கிழித்த ஒரு சீட்டு தருவார், மிக்ரேஷன் கார்டு. சாதாரணத் துண்டுக் காகிதம்தான், ஆனால் ஹோட்டலில் கேட்பார்கள், வெளியேறும்போது கேட்பார்கள். பாஸ்போர்ட்டுக்குள் செருகி, போட்டோவும் எடுத்து வையுங்கள்.

வெளிநாட்டவர் தங்குவதை ஹோட்டல் அரசிடம் பதிவு செய்ய வேண்டும். ஒரே ஊரில் 7 வேலை நாட்களுக்கு மேல் தங்கினால் பதிவு கட்டாயம். ஹோட்டலில் தங்கினால் நாள் கணக்குப் பார்க்காமல் அவர்களே செய்துவிடுவார்கள். தனியார் அபார்ட்மென்ட் எடுத்தால் உரிமையாளர் நழுவப் பார்ப்பார், அதனால் முன்பதிவின்போதே "வெளிநாட்டவரை ஏற்பீர்களா, பதிவு செய்து தருவீர்களா" என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். புக்கிங், ஏர்பிஎன்பி இரண்டும் ரஷ்யாவில் இல்லை. ரஷ்யத் தளங்களில் "வந்ததும் பணம் செலுத்தலாம்" என்று இருக்கும் ஹோட்டலாகப் பார்த்து எடுங்கள். இடம்: கார்ல் மார்க்ஸ் தெருவுக்கோ மத்திய சந்தைக்கோ பக்கத்தில். ரயில் நிலையம் ஆற்றுக்கு அந்தப் பக்கம், இடது கரையில் இருக்கிறது. விலை குறைவு என்று அங்கே எடுத்தால் பாலம் தாண்டித்தான் ஒவ்வொரு முறையும் வர வேண்டும்.

விமான நிலையம் ஊருக்குள்ளேயே இருக்கிறது, மையத்திலிருந்து 8 கி.மீ. கூட இராது. டிராலிபஸ் 4 நேரே மையத்துக்கு வரும். ரயிலில் இறங்கினால் நிலைய வாசலில் டிராம் 1, அது மத்திய சந்தைவரை போகும்.

6. எந்த மாதம், எந்தக் கிழமை

வெளிச்சத்தைக் கணக்குப் போடுங்கள். டிசம்பரில் சூரியன் காலை 9 மணி தாண்டித்தான் வரும், மாலை 5 மணிக்குள் போய்விடும். ஜூனில் இரவு ஒன்பதரைவரை வெளிச்சம். ஜனவரியில் பூஜ்யத்துக்குக் கீழே 30 டிகிரி போவதெல்லாம் அங்கே செய்தியே இல்லை. முதல் முறை போகிறவர்களுக்கு ஜூன் முதல் செப்டம்பர் நடுவரை என் வாக்கு. குளிர்காலத்தில் போனால் வேறு மாதிரி அழகு: அணைக்குக் கீழே அங்காரா உறைவதில்லை, கடுங்குளிரில் ஆற்றிலிருந்து ஆவி எழுந்து கரையோர மரமெல்லாம் வெள்ளையாகிவிடும். ஆனால் நாள் திட்டத்தைப் பாதியாக வெட்டுங்கள், போனை உள் பாக்கெட்டில் வையுங்கள், வெளியே எடுத்துப் பத்து நிமிடத்தில் பேட்டரி செத்துவிடும்.

கிழமை: புதன் முதல் சனி வரை நல்லது. அருங்காட்சியகங்களுக்கு வார விடுமுறை பெரும்பாலும் திங்கள் அல்லது செவ்வாய், ஒன்றுக்கு ஒன்று மாறும். இதுபோக மாதத்தில் ஒரு நாள் "சுகாதார நாள்" என்று சொல்லி மூடுவார்கள், பெரும்பாலும் மாதக் கடைசியில். போகும் வாரத்திலேயே அவர்கள் தளத்தில் பார்த்துவிடுங்கள், மராமத்துக்காக மாதக்கணக்கில் மூடிக் கிடப்பதும் உண்டு.

7. காலை: ஆற்றங்கரையிலிருந்து தொடங்குங்கள்

கோடையில் 8 மணி, குளிர்காலத்தில் 10 மணி. டாக்சி எடுத்து ஆற்றங்கரையில் இருக்கும் மாஸ்கோ வாயில் என்ற வளைவில் இறங்குங்கள், அங்கிருந்து ஊரின் மையத்தை நோக்கி நடந்துகொண்டே வரலாம். நடைபாதையில் பச்சைக் கோடு ஒன்று தெரியும், முக்கியமான இடங்களைத் தொட்டுக்கொண்டு போகிற சுமார் 5 கி.மீ. நடைவழி அது. வழிகாட்டி இல்லாமலே போகலாம். கோடு சில இடங்களில் அழிந்திருக்கிறது, பனிக்காலத்தில் பனிக்கு அடியில் போய்விடும், அதனால் மேப்பிலும் குறித்துக்கொள்ளுங்கள். கோட்டை முழுக்கப் பின்பற்ற வேண்டும் என்ற பிடிவாதமும் வேண்டாம்.

வாயிலுக்கு அடுத்து எபிபெனி பேராலயம் வரும், வெள்ளையும் சிவப்பும் பச்சையுமாக, பண்டிகைக்கு அலங்கரித்த மாதிரி. 18ஆம் நூற்றாண்டுக் கட்டடம், வெளிச்சுவரில் பதித்த வண்ண ஓடுகளைக் கிட்டப் போய்ப் பாருங்கள். அதற்குச் சில நிமிட நடையில் ஸ்பாஸ்கயா தேவாலயம், 1706இல் கட்டத் தொடங்கியது, கிழக்குச் சைபீரியாவில் இன்று நிற்கும் கல் கட்டடங்களில் மிகப் பழையது. இதன் ஓவியங்கள் வெளிச்சுவரிலேயே இருக்கின்றன, உள்ளே போக நேரம் இல்லாதவர்களுக்கும் நஷ்டமில்லை. எதிரே போலந்துக்காரர்கள் கட்டிய செங்கல் கத்தோலிக்கத் தேவாலயம். அது இப்போது ஆர்கன் இசை அரங்கு. மாலைக் கச்சேரி இருக்கிறதா என்று வாசல் சுவரொட்டியைப் பார்த்து வையுங்கள்.

உள்ளே போகிறவர்களுக்கு: பெண்கள் தலையை மூட வேண்டும், பையில் ஒரு துப்பட்டா போதும். ஆண்கள் தொப்பியைக் கழற்ற வேண்டும். பூசை நடக்கும்போது கேமராவை எடுக்காதீர்கள். போர்க்கால நினைவுச் சுடர் பக்கத்திலேயே எரிகிறது, அங்கே சத்தமாகப் பேசிச் சிரித்து செல்ஃபி எடுப்பதை உள்ளூர்க்காரர்கள் விரும்புவதில்லை. சீருடைக்காரர்களையும் பாலங்களையும் போட்டோ எடுப்பதை விட்டுவிடுங்கள், இந்தக் காலத்தில் வம்பு வேண்டாம்.

இவ்வளவுக்கும் இரண்டு மணி நேரம். அதற்குமேல் தேவாலயங்கள் வேண்டும் என்கிறவர்கள் டாக்சி எடுத்து ஸ்னாமென்ஸ்கி மடத்துக்கோ சிவப்பு நிறக் கசான் தேவாலயத்துக்கோ போகலாம். ஒன்றைத்தான் பார்க்க முடியும் என்றால் நான் கசானைச் சொல்வேன், உள்ளே கூரைவரை நிமிர்ந்து பார்த்துக்கொண்டே நிற்கலாம்.

8. மதியம்: போஸி சாப்பிடுவது எப்படி

பன்னிரண்டரைக்கு மேல் அலுவலகக் கூட்டம் வந்துவிடும், 12 மணிக்கே உட்காருங்கள். தேட வேண்டியது "போஸ்னயா" என்ற பலகை. புர்யாத் மக்களின் ஆவியில் வேகவைத்த இறைச்சிக் கொழுக்கட்டைதான் போஸி, உலான்-உடே பக்கம் போனால் பூஸா என்பார்கள். இது எண்ணிக்கையில் விற்பது: ஒன்று, இரண்டு என்று கேட்க வேண்டும். ஒவ்வொன்றும் உள்ளங்கை அளவு, நல்ல பசிக்கு 4 போதும், முதல் தடவை 3 சொல்லுங்கள். சொன்ன பிறகு 15, 20 நிமிடம் ஆகும், நல்ல கடையில் அப்போதுதான் ஆவியில் வைப்பார்கள். உடனே தட்டில் வந்தால் மைக்ரோவேவிலிருந்து வந்தது என்று அர்த்தம்.

முள்கரண்டியால் குத்தாதீர்கள். உள்ளே சூடான சாறு இருக்கிறது, அதுதான் விஷயமே. கையில் எடுத்து, ஓரத்தில் சின்னதாகக் கடித்து, ஊதி, சாற்றை உறிஞ்சிவிட்டு, அப்புறம் மிச்சத்தைச் சாப்பிடுங்கள். சட்டையில் ஒழுகினால் போகவே போகாது.

இறைச்சி எது என்று கட்டாயம் கேளுங்கள். சாதாரணமாக மாட்டிறைச்சியும் பன்றியும் கலந்துதான் இருக்கும். மனப்பாடம் செய்ய நாலு சொல்: கவ்யாதினா மாடு, ஸ்வினீனா பன்றி, பரானினா ஆடு, கூரித்சா கோழி. ஆட்டிறைச்சி போஸி சில கடைகளில் கிடைக்கும், கிடைத்தால் விடாதீர்கள். கூடவே உப்புப் போட்ட பால் டீ தருவார்கள், ஒரு மடக்கு குடித்துப் பார்த்துவிட்டுப் பிடிக்கவில்லை என்றால் சாதாரணக் கறுப்பு டீக்கு மாறலாம், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

சைவக்காரர்கள் போஸ்னயாவில் பட்டினி கிடக்க வேண்டாம், நேரே "ஸ்தலோவயா" என்ற உணவகத்துக்குப் போங்கள். தட்டை எடுத்துக்கொண்டு வரிசையில் நகர்ந்து, கண்ணில் பட்டதைக் காட்டி வாங்கலாம், மொழியே தேவையில்லை. என்னோடு வந்த நண்பர் சுத்த சைவம், அவர் உயிர் பிழைத்தது இங்கேதான்: பீட்ரூட், உருளைக்கிழங்கு போட்ட வினிக்ரெத் சாலட், கிரேச்கா என்ற பழுப்பு தானியச் சோறு, உருளைக்கிழங்கு அடை, கோஸ் வைத்த பன், குடிக்க ப்ருஸ்னிகா பழரசம். இறைச்சி இல்லாமல் என்பதற்கு "பெஸ் மியாசா". ஆனால் சூப்பில் இறைச்சித் துண்டு இல்லை என்பதாலேயே அது சைவம் ஆகாது, போர்ஷ் பெரும்பாலும் எலும்புச் சாற்றில் வைத்தது. சந்தேகம் என்றால் சூப்பை விட்டுவிடுங்கள். வார நாட்களில் மதியம் பல உணவகங்களில் "பிசினஸ் லஞ்ச்" என்று ஒரு தொகுப்பு இருக்கும், அதே கடையில் மாலையில் ஆகும் செலவில் பாதிதான் வரும்.

9. மதியத்துக்குப் பின்: மர வீடுகள்

டிசம்பிரிஸ்டுகளின் வீடுகளுக்கு இப்போது போங்கள். 1825இல் ஜாருக்கு எதிராகக் கிளம்பிச் சைபீரியாவுக்கு நாடு கடத்தப்பட்ட பிரபுக்கள் அவர்கள், இந்த அளவுக்குத் தெரிந்தால் போதும். வோல்கோன்ஸ்கி வீடு, த்ருபெத்ஸ்கோய் வீடு இரண்டும் நடக்கும் தூரத்தில் இருக்கின்றன. ஒன்றுக்குத்தான் நேரம் என்றால் வோல்கோன்ஸ்கி, பெரியது, பிரமிடு வடிவில் ஒரு பழைய பியானோ வேறு இருக்கிறது. தலா முக்கால் மணி நேரம். டிக்கெட் கவுன்டர் மூடும் நேரத்துக்கு அரை மணி முன்பே நின்றுவிடும், ரொக்கம் வாங்குவார்கள். கோட்டைக் கழற்றி வாசலில் கொடுத்துவிட்டு, செருப்புக்கு மேல் பிளாஸ்டிக் உறை மாட்டிக்கொண்டுதான் உள்ளே விடுவார்கள். ஒவ்வொரு அறையிலும் ஒரு பாட்டியம்மா உட்கார்ந்திருப்பார், அவர் காட்டும் திசையில்தான் போக வேண்டும், வேறு வழியில் போனால் திட்டு விழும்.

அங்கிருந்து சந்தைப் பக்கமாக நடந்து எங்கெல்ஸ் தெரு 21க்கு வாருங்கள், சரிகை வீடு என்று பெயர் வாங்கிய ஷஸ்தின் வீடு. இந்த ஊர் மரவேலையின் உச்சம் இதுதான். வெளியிலிருந்து பார்ப்பதுதான் முக்கியம், சூரியன் பக்கவாட்டில் விழும் பிற்பகலில் செதுக்கல்களின் நிழல் நன்றாகத் தெரியும். வழியில் பக்கத்துச் சந்துகளிலும் எட்டிப் பாருங்கள். மண்ணுக்குள் பாதி ஜன்னல் இறங்கி, சாய்ந்து, பூச்சு உரிந்து நிற்கும் வீடுகளில் இன்னும் ஆட்கள் குடியிருக்கிறார்கள். ஜன்னலுக்குக் கிட்டே போய்ப் போட்டோ எடுக்காதீர்கள், உள்ளே யாராவது சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள்.

10. மத்திய சந்தை: ஓமுல் விஷயத்தில் ஜாக்கிரதை

மாலை 5 மணிக்குள் போய்விடுங்கள், அதற்குப் பிறகு நல்ல சரக்கு குறைந்துவிடும். ஓமுல் பைக்காலின் புகழ்பெற்ற மீன். எண்ணிக்கை சரிந்ததால் 2017 அக்டோபர் முதல் வணிக மீன்பிடிப்புக்குத் தடை இருக்கிறது. ஆனாலும் "பைக்கால் ஓமுல்" என்று கூவி விற்பார்கள். அது ஆர்க்டிக் கடல் பக்கத்து ஆறுகளிலிருந்து வந்த உறவுக்கார மீனாக இருக்கலாம், வேறு மீனாகவும் இருக்கலாம், நிஜமாகவே பைக்கால் ஓமுல் என்றால் திருட்டுத்தனமாகப் பிடித்ததாக இருக்க வாய்ப்பு அதிகம். பெயருக்காகக் கூடுதல் விலை கொடுக்காதீர்கள். பக்கத்திலேயே புகைபோட்ட வேறு மீன்கள் விலை குறைவாக இருக்கும், ருசியில் குறையில்லை.

சூட்டில் புகைபோட்டது, குளிரில் புகைபோட்டது என்று இரண்டு வகை. முதலாவது மிருதுவாக, எண்ணெய் வழிய இருக்கும், அன்றே சாப்பிட வேண்டும். வாங்கி, ரொட்டியும் வாங்கி, கரையில் உட்கார்ந்து கையால் பிய்த்துச் சாப்பிடுங்கள். ஊருக்குக் கொண்டுவரும் ஆசை வேண்டாம், பெட்டியில் உள்ள துணியெல்லாம் ஒரு மாதம் மணக்கும். பச்சை மீனை உப்பும் வெங்காயமும் போட்டுப் பிசைந்த சுகுதாய் என்று ஒன்று தருவார்கள், ருசியானதுதான், ஆனால் இந்த நன்னீர் மீன்களில் நாடாப்புழு இருக்கும் அபாயம் உண்டு. நான் தொடவில்லை.

கொண்டுவரத் தகுந்தது: கேதர் கொட்டை, அதாவது சைபீரியப் பைன் மரத்தின் கொட்டை. ஓடு உரித்தது, உரிக்காதது இரண்டும் விற்கும். உரித்ததை ருசி பார்த்து வாங்குங்கள், பழையது கசக்கும். உலர்ந்த மூலிகை டீ, ப்ருஸ்னிகா ஜாம் இவையும் சரி, ஆனால் கண்ணாடிப் புட்டி கைப்பையில் போகாது. விலை கிலோவுக்கு எழுதியிருக்கிறதா 100 கிராமுக்கு எழுதியிருக்கிறதா என்று பார்க்காமல் தலையாட்டாதீர்கள். பேரம் கொஞ்சம் நடக்கும், நம் ஊர் அளவுக்கு இல்லை.

11. மாலை: 130ஆம் குவார்ட்டல்

கார்ல் மார்க்ஸ் தெரு வழியாக நடந்து ஆற்றங்கரைப் பக்கம் ககாரின் புல்வாருக்கு முதலில் போங்கள், மூன்றாம் அலெக்சாண்டர் சிலைக்குப் பின்னால் ஆறு. சூரியன் எதிர்க்கரையில் இறங்கும். பிறகு 130ஆம் குவார்ட்டல். ஊரின் 350ஆம் ஆண்டையொட்டி 2011இல் பழைய மர வீடுகளைப் புதுப்பித்தும் புதிதாகக் கட்டியும் உருவாக்கிய உணவகப் பகுதி. வாசலில் வாயில் கீரியைக் கவ்விய புலி மாதிரி ஒரு சிலை நிற்கும், ஊர்ச் சின்னமான பாபர் அது, கவ்வியிருப்பது சேபிள் என்ற கீரி மாதிரி விலங்கு. போட்டோவுக்கு வரிசை இருக்கும்.

உண்மையைச் சொன்னால் இந்த இடம் கொஞ்சம் செட் போட்ட மாதிரிதான் இருக்கிறது, பகலில் நிஜ வீடுகளைப் பார்த்துவிட்டு வருகிறவர்களுக்கு இன்னும் அதிகமாகத் தெரியும். ஆனால் இரவுச் சாப்பாட்டுக்கு வசதி, மேல் முனையில் உள்ள மாலில் சுத்தமான கழிப்பறை. விலை அதிகம், உட்காருவதற்கு முன் வாசல் மெனுவைப் பாருங்கள். வெள்ளி, சனி இரவு 7 மணிக்குமேல் இடம் கிடைக்காது. வாங்க வேண்டியது: உஹா என்ற மீன் சூப், பெல்மெனி என்ற சின்ன இறைச்சிக் கொழுக்கட்டை, ஒப்லெபிகா பழத்தின் சூடான டீ, கடைசியில் செர்யோமுகா என்ற காட்டுப் பழத்தை அரைத்த மாவில் செய்த கேக். கேக் கறுப்பாக, பாதாம் வாசனையோடு இருக்கும்.

இதே நாளில் லிஸ்த்வியாங்கா போய் பைக்காலையும் பார்த்துவிடலாமா என்று கேட்பவர்களுக்கு: வேண்டாம். 70 கி.மீ., ஒரு பக்கம் ஒன்றேகால் மணி நேரம், மினிபஸ் நிரம்பினால்தான் கிளம்பும். அதற்கு அடுத்த நாளை வையுங்கள், போகும் வழியில் தால்ட்ஸி மரக் கட்டட அருங்காட்சியகத்திலும் இறங்கலாம்.

12. கிளம்பும்போது

மாஸ்கோவுக்குப் போகும் விமானங்கள் பல அதிகாலையில் கிளம்பும். 6 மணி நேரம் பறந்தாலும் கடிகாரத்தில் ஒரு மணி நேரம்தான் ஓடியிருக்கும், அதனால் டெல்லி விமானத்துக்கு மாஸ்கோவில் எவ்வளவு காத்திருப்பு என்பதை அந்தந்த ஊர் நேரத்தில் எழுதிக் கணக்குப் போடுங்கள். டாக்சியை முந்தைய இரவே ஹோட்டல் வரவேற்பில் சொல்லி வையுங்கள், காலை 4 மணிக்குச் செயலியும் நெட்டும் கைகொடுக்கும் என்று நம்பாதீர்கள். மிக்ரேஷன் கார்டு, ஹோட்டல் தந்த பதிவுச் சீட்டு இரண்டும் பாஸ்போர்ட்டோடு இருக்கட்டும். மிச்சமான ரூபிளை இர்குட்ஸ்க்கிலோ மாஸ்கோவிலோ செலவழித்துவிடுங்கள் அல்லது மாற்றிவிடுங்கள். சென்னையில் அதை வாங்க ஆள் கிடைப்பது கடினம், கிடைத்தாலும் கேட்கிற விலைக்குக் கொட்டையே வாங்கியிருக்கலாம் என்று தோன்றும்.